மெய்யின் மேல் புள்ளி

ஒப்புதல் படிவம் நான்கு மொழிகளில் வந்தது.
தமிழில் மூன்றாம் பக்கம்
'மரபணுவைக் கொல்லும் மருந்து' என்றிருந்தது.
பென்சில் கேட்டேன்.
இருபத்தாறு வருடம் ஹேவ்லாக் நீதிமன்றத்தில்
மொழிபெயர்த்தவள்.
'கொல்லும்' என்பதை அடித்த கை
மேலே எழுதச் சொல் இல்லாமல் நின்றது.

அடக்கும்? வாயைக் கட்டும்? ஓயச் செய்யும்?

டாக்டர் சியா காத்திருந்தாள்.
என் இடது நெற்றிப்பொட்டுக்குள்
எலுமிச்சை அளவில் வளர்ந்தது
சொற்களின் அலமாரியில்தான் சாய்ந்திருக்கிறது என்று
படத்தில் காட்டியவள் அவள்.
வராத சொல் எனக்கு வரவில்லையா,
தமிழிலேயே இல்லையா,
அவளுக்கு எப்படித் தெரியும்.

விளக்கினாள்.
மரபணு தானாக எதுவும் செய்யாது,
ஒரு சீட்டு எழுதி அனுப்பும்.
செல்லுக்குள் ஒருவன் உட்கார்ந்து
அந்தச் சீட்டைப் புரதமாக மொழிபெயர்ப்பான்.
எங்கள் தொழிலின் சொல்லையே சொன்னாள்.
'வளர்' என்றிருந்தால் வளர்ப்பான்.
'சாகாதே' என்றிருந்தால் சாக விடமாட்டான்.
கூட்டமாட்டான், குறைக்கமாட்டான்.
கெட்டவன் இல்லை.
என்னைப் போலச் சத்தியப் பிரமாணம் எடுத்தவன்.

மருந்து அவனைத் தொடாதாம்.
இருபத்தோரு எழுத்து நீளமுள்ள துணுக்கு
சீட்டின் ஒரு வரியில் போய் ஒட்டும்.
சீட்டு கிழிந்துபோகும்.
அவன் மேசைக்கு எதுவும் வராது.

அன்றிரவு செம்பவாங்கில் தூக்கம் பிடிக்கவில்லை.
பழைய வழக்கு ஒன்று.
முத்தையன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.
துவாஸ் தங்குவிடுதியில் கைகலப்பு.
'கம்பிய எடுத்தது நாந்தான்' என்றவன்
யாரும் கேட்காமலே சேர்த்தான்:
'செத்தாலும் சாவட்டும்னு தோணுச்சு.'
நீதிபதி என்னைப் பார்த்தார்.
இரண்டு நொடி.
மைக்கில் ஏர்கானின் மூச்சு.
அந்த வாக்கியம் கூண்டுக்கும் எனக்கும் நடுவில்
தமிழாகவே, யாருக்கும் புரியாமல், நின்றது.
நான் மட்டும் பார்த்த சீட்டு.

பிறகு சொன்னேன்.
'நான்' என்றே சொன்னேன்.
அவனுடைய 'நான்' என் வாயிலும் 'நான்'தான், அது விதி.
ஆறு வருடம். பிரம்படி எட்டு.
மொழிபெயர்ப்பில் யாரும் பிழை காணவில்லை.

நான் துணியாததைச் செய்ய
இருபத்தோரு எழுத்து வருகிறது.

மறுநாள் படிவத்தைத் திரும்ப எடுத்தேன்.
க. மேலே ஒரு புள்ளி. க்.
எழுத்து எங்கும் போய்விடவில்லை,
அகரம் மட்டும் வாய் திறப்பதில்லை.
அடித்த சொல்லுக்கு மேல் வேறு சொல் எழுதவில்லை.
ஒரு புள்ளி வைத்துக் கையெழுத்திட்டேன்.
சியா அதை நகலெடுத்தாள்.
நகலில் தூசி விழுந்தது மாதிரி இருந்தது.

நொவீனா, ஒன்பதாம் மாடி.
நர்ஸ் சுரையா நரம்பு தேடினாள்.
'முதல் கட்டச் சோதனை, நீங்கள் ஏழாவது ஆள்.'
மற்ற ஆறு பேர்?
'ரெண்டு பேர் இன்னும் வர்றாங்க' என்றாள்.
மிச்ச நால்வரை அவள் மொழிபெயர்க்கவில்லை.

மூளைக்குப் போகும் வழியில் காவல் கடுமையாம்.
விடியற்காலை ஜோகூர் பாலத்தில் லாரிகள் நிற்பது போல
மருந்தெல்லாம் சுங்கத்திலேயே நின்றுவிடுமாம்.
இதற்குக் கொழுப்பில் ஒரு சட்டை மாட்டி அனுப்புகிறார்கள்.
பஸ் ஓட்டி முடித்து, சீருடையோடு வந்த தணிகாசலம்
சொட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தார்.
நானூற்றுச் சொச்சத்தில் கொட்டாவி விட்டு
முதலிலிருந்து தொடங்கினார்.

அடுத்த ஸ்கேன் பதினெட்டாம் தேதி.
இன்று காலை
கண்ணாடி துடைக்கிற அந்தச் சின்னத் துணியை
என்னவென்று கேட்பது, தெரியவில்லை.
கையை நீட்டியபடி நின்றேன்.
அவருக்குத் தெரியும், எடுத்துக் கொடுக்கவில்லை.
என் வாயையே பார்த்தார்.
இரண்டு நொடி.
மூன்று.